பிரேக் முதலில்: ஒரு பழைய மினியின் நாட்குறிப்பு

ஜனவரி 7

ஆஸ்டின் மெட்ரோ காரிலிருந்து கழற்றிய 1275 சிசி இன்ஜின் இன்று கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. தார்ப்பாய் போட்டு மூடி ஓரமாக வைத்துவிட்டேன். முன்பக்க பிரேக்கை மாற்றி, பழைய இன்ஜினோடு அதை நன்றாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தத் தார்ப்பாயை எடுக்கப் போகிறேன்.

வண்டி 1978 மினி, பிரிட்டனின் சின்னக் கார். 998 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், 10 அங்குலச் சக்கரங்கள், நான்கிலும் 7 அங்குல டிரம் பிரேக். மெட்ரோ இன்ஜின் 60-க்கு மேல் தரும். இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களில் பலரும் இன்ஜினில்தான் தொடங்குகிறார்கள். ஆசை அங்கேதான் இருக்கிறது, புரிகிறது. ஆனால் பணமும் பொறுமையும் தீரும்போது பாக்கி நிற்பது பிரேக்காக இருக்கும். அப்புறம் ‘இப்போதைக்கு இது போதும்’ என்று ஓட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கணக்கைப் பார்த்தால் பயம் வரும், வர வேண்டும். ஆளோடு சேர்த்து வண்டி 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 185 கிலோஜூல். 110 கி.மீ. வேகத்தில் 350 கிலோஜூல். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. டிரம் மூடிய பாத்திரம், உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அதன் சுவரை அழுத்தும். சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க் என்ற தட்டு திறந்தவெளியில் சுழல்கிறது, பேடுகள் இரண்டு பக்கமும் அதைக் கவ்வும், சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

இதை மினியைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள். 1959-ல் அலெக் இஸிகோனிஸ் உருவாக்கி வெளிவந்த வண்டிக்கு டிரம் போதுமாக இருந்தது. ஜான் கூப்பர் அதில் சக்தியைக் கூட்டி 1961-ல் மினி கூப்பரைக் கொண்டுவந்தபோது, முன்சக்கரத்தில் 7 அங்குல டிஸ்க்கும் சேர்ந்தே வந்தது. 1963-ல் கூப்பர் எஸ் வந்தபோது இன்ஜின் 1071 சிசி ஆனது, டிஸ்க்கும் 7.5 அங்குலம் ஆனது. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் ஜெயித்தது அந்த வண்டியில்தான். மலைப்பாதையில், பனியில், பிரேக்கை நம்ப முடியாத வண்டி அங்கே ஜெயித்திருக்காது.

ஜனவரி 11

எந்த அளவு டிஸ்க் என்பதைச் சக்கரம்தான் தீர்மானிக்கிறது. 1984-ல் மினிக்கு 12 அங்குலச் சக்கரம் வந்தது. அதோடு வந்த 8.4 அங்குல டிஸ்க் 10 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது. அதற்காகச் சக்கரத்தை மாற்ற எனக்கு மனமில்லை. இந்த வண்டியின் அழகில் பாதி அந்தச் சின்னச் சக்கரங்களில்தான் இருக்கிறது. திருப்பத்தில் அது காட்டும் சுறுசுறுப்பும் அவற்றால்தான். ஆகவே கூப்பர் எஸ் வகை 7.5 அங்குலம்.

டிஸ்க்கையும், பேடுகளை அழுத்தும் காலிபரையும் மட்டும் வாங்கினால் ஆகாது. ஹப் (சக்கரத்தின் நடு அச்சுக்கூடு), டிரைவ் ஃப்ளாஞ்ச் (சக்கரம் மாட்டும் தட்டு), சிவி ஜாயின்ட் (திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு) எல்லாமே டிஸ்க் வண்டிக்கு வேறு. தொகுப்பாக வாங்குகிறவர்கள் இவை எல்லாம் சேர்ந்துதான் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜனவரி 19

வலது பக்கம் முழுக்க முடிந்தது. பழைய ஹப்பை அவிழ்க்க பால் ஜாயின்ட் பிரிப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும். சுத்தியலால் தட்டினால் ரப்பர் உறை கிழியும்.

ஹப் நட்டைப் பற்றி விரிவாக எழுதியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர் இருக்கிறது. டிஸ்க் வண்டியில் நட்டுக்கு அடியில் கூம்பு வடிவத்தில், ஒரு பக்கம் வெட்டுவிட்ட வளையம் ஒன்று உட்காரும். அதை நேரடியாகப் போட்டு இறுக்கினால், பேரிங்குகள் ஒன்றோடொன்று சேர்வதற்குள் கூம்பு தண்டைக் கவ்விக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டதாகக் கை சொல்லும், உள்ளே பேரிங் தளர்வாகவே இருக்கும். முதலில் தட்டையான கனத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டுக் கூம்பைப் போட்டு, டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம். டிரம் வண்டியின் நட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேலான இறுக்கம் இதற்கு. சக்கரம் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் பிடித்திருக்க, நீளமான கைப்பிடியோடு செய்ய வேண்டிய வேலை.

ஜனவரி 20

இடது பக்கமும் முடிந்தது. ஹப் மாறியதால் முன்சக்கரங்களின் கோணத்தையும் பார்த்தேன். மினிக்கு முன்பக்கம் 1.6 மி.மீ. வெளிநோக்கி இருக்க வேண்டும், பல வண்டிகளைப் போல உள்நோக்கி அல்ல.

ஜனவரி 27

இன்று முழுவதும் பிரேக் ஆயில் வேலை.

டிரம்மில் ஒரு வசதி உண்டு. சுழலும் டிரம்மே முன்னணி ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். நாம் கொடுக்கும் விசையை அதுவே பெருக்கித் தருகிறது. டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, நம் கால் கொடுப்பதுதான் அதற்குக் கிடைப்பது. ஆகவே குழாயில் அழுத்தம் அதிகமாக வேண்டும். ஆனால் பின்னால் இன்னும் டிரம்தான். கூடிய அழுத்தம் அப்படியே அங்கே போனால் முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகத் திரும்பிவிடும். இதற்காகத்தான் பின்பக்க வீல் சிலிண்டர்களை 19 மி.மீ. விட்டத்திலிருந்து 15.9 மி.மீ.க்கு மாற்றினேன். பிஸ்டன் பரப்பு 30 சதவீதம் குறைகிறது, ஷூவைத் தள்ளும் விசையும் அதே அளவு குறைகிறது. பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் புதிது. பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர், முன்னுக்கு ஒரு சுற்று பின்னுக்கு ஒரு சுற்று என்று பிரிந்த டிஸ்க் வகை.

ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் காரணம் பல நேரம் அதுதான்.

ஊற்றியது டாட் 4 தர பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு தர வரம்பு 155 வரை இறங்குகிறது. டாட் 3-க்கு இவை 205, 140. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி நசுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

பிப்ரவரி 3

முதல் ஓட்டம். பெடல் உயரமாக, கெட்டியாக நிற்கிறது. அழுத்தம் முன்பைவிட அதிகம் வேண்டும், அது எதிர்பார்த்ததே. கூப்பர் எஸ்ஸில் கால் விசையைப் பெருக்கித் தரும் சர்வோ இருந்தது. நான் வைக்கவில்லை. இவ்வளவு லேசான வண்டியில், சக்கரம் பூட்டப்போகும் அந்த எல்லையைக் காலால் நேரடியாக உணர முடிவதை இழக்க விருப்பமில்லை. கால் வலிமை குறைந்தவர்கள் ஓட்டும் வண்டி என்றால் கட்டாயம் வைக்க வேண்டும் என்பேன்.

புது பேடுக்குப் பழக்கம் கொடுத்தேன். ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 20 வரை மிதமாகக் குறைப்பது, நடுவில் ஆற விடுவது, முழுதாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காமல் இருப்பது. அப்படி நின்றால் சூடான பேடின் பொருள் ஒரே இடத்தில் படிந்து, பிறகு பெடல் துடிக்கும்.

பிப்ரவரி 24

நனைந்த சாலையில், வெற்று மைதானத்தில் கடுமையாகப் பிடித்துப் பார்த்தேன். முன்சக்கரங்கள் முதலில் பூட்டுகின்றன, வண்டி நேராக நிற்கிறது. நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிடித்தும் பெடல் இறங்கவில்லை. 40 குதிரைத்திறன் வண்டிக்கு இது தேவைக்கு மேல்தான். அந்த உபரியை அனுபவித்து ஓட்டிய இந்த வாரங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. வேகம் கூடாமலே வண்டி வேறு வண்டியாகிவிட்டது.

மார்ச் 2

தார்ப்பாயை எடுத்தாயிற்று.

மினியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே ஆயிலில் வாழ்கின்றன. இரண்டையும் பிரிக்க முதலில் இன்ஜின் முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கைத் திருப்பி அதன் முனையிலுள்ள வெட்டு படுக்கைவாட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால், சுழற்சியைக் கியர்பாக்ஸுக்கு அனுப்பும் பிரைமரி கியரின் ‘சி’ வடிவ வாஷர் நழுவிக் கீழே விழுந்து, ஃப்ளைவீல் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அப்புறம் இழுப்பானை வைத்து இறுக்கினால், துப்பாக்கி சுட்டது போன்ற ஒரு சத்தத்தோடு ஃப்ளைவீல் விட்டுக்கொடுக்கிறது. ஃப்ளைவீலின் நடு போல்ட்டை முழுதாக எடுக்காமல் சில சுற்று மட்டும் தளர்த்தி வைத்திருந்ததால் அது காலில் விழவில்லை.

உள்ளே சிலிண்டர் மேல்விளிம்பில் படி தெரிகிறது, கிராங்க்கில் கோடுகள். இரண்டும் லேத் பட்டறைக்குப் போயின. ஒரேயடியாக 1 மி.மீ. கடையலாமா என்று கேட்டேன். “எதுக்கு தம்பி? அரை மில்லி எடுத்தாலே சுத்தமாயிடும். இப்பவே எல்லாத்தையும் தின்னுட்டா அடுத்த தடவைக்கு இரும்பு எங்கே இருக்கு?” என்றார் பட்டறை அண்ணன். சரி, அரை மில்லி. அதில் கொள்ளளவு சுமார் 1293 சிசி ஆகிறது.

மார்ச் 16

சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் வேலை. இது 12ஜி940 என்ற எண்ணுள்ள வார்ப்பு. இந்த ஹெட்டை மட்டும் 998 பிளாக்கில் மாட்டிச் சக்தி கூட்டுகிறவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் பெரிய எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்கும், பிளாக்கில் குழி வெட்ட வேண்டும். எனக்கு முழு இன்ஜினே கிடைத்ததால் அந்தப் பேச்சு இல்லை.

நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வழி, மூன்றே எக்ஸாஸ்ட் வழி. 1951-ல் 803 சிசியோடு தொடங்கிய ஏ-சீரிஸ் (மினியின் இன்ஜின் குடும்பம்), கடைசிவரை இந்த அமைப்பை விடவில்லை. 1, 2 சிலிண்டர்கள் ஒரே மூக்கால் மூச்சு இழுக்கின்றன, 3, 4 இன்னொன்றால். வெடிப்பு வரிசையோ 1-3-4-2. அதனால் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒன்றின் பங்கை ஒன்று பறிக்கும். ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறை அந்தக் குறையோடேயே நன்றாக எரிய வைக்கிறது. பழைய பொறியியலில் எனக்கு மரியாதை வருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

வழிகளின் உட்புறத்தை அகலமாக்கவில்லை, வார்ப்பின் முண்டுகளை மட்டும் தேய்த்தேன். ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் பதித்தாயிற்று.

மார்ச் 30

பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் கூடின. பிரைமரி கியரின் முன்பின் ஆட்டம் 0.09 முதல் 0.16 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வாஷர் மாற்றி 0.12-ல் நிறுத்தினேன். குறைந்தால் கிளட்ச் விடாமல் பிடிக்கும், கூடினால் அலறும். ஹெட் நட்டுகள் 68 நியூட்டன்மீட்டர், நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக. வால்வு இடைவெளி 0.30 மி.மீ.

ஏப்ரல் 6

பழையது வெளியே, புதியது உள்ளே. தம்பி செயின் பிளாக்கைப் பார்த்துக்கொள்ள, நான் டிரைவ்ஷாஃப்ட்டுகளை வழிநடத்தினேன். ஏறக்குறைய 150 கிலோ, எல்லாப் பக்கமும் விரல் அளவு இடம். எக்ஸாஸ்ட் மூன்று கிளை மேனிஃபோல்டு. 2, 3 சிலிண்டர்கள் பகிரும் நடுக்கிளைதான் நீளமானது.

ஏப்ரல் 7

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினேன். பிறகுதான் இன்ஜினைக் கிளப்பினேன். புது கேம்ஷாஃப்ட்டை முதல் முறை ஐடிலில் விடக் கூடாது. அதற்குத் தெறித்து வரும் ஆயில்தான் உணவு. 20 நிமிடம் 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓடவிட்டேன். துத்தநாகக் கலவை அதிகமுள்ள 20டபிள்யூ-50 ஆயில். அந்த 20 நிமிடமும் ரேடியேட்டர் ஓரத்திலேயே கையை வைத்திருந்தேன். எங்கும் கசிவில்லை.

ஏப்ரல் 13

கார்புரேட்டர் ஒரே ஒரு எஸ்.யு. எச்.ஐ.எஃப் 44 மாடல். இரட்டை வைத்தால் பார்க்க அழகு, ஆனால் இரண்டையும் சமன்செய்து வைத்திருப்பது ஓயாத வேலை. கலவையைப் பார்க்க, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மி.மீ. தூக்கினேன். சுழற்சி ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், விழுந்தால் குறைவு. சற்றே ஏறித் திரும்பியது, போதும்.

மே 4

800 கி.மீ. தாண்டியது. ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பார்த்து, ஆயிலை மாற்றினேன். காந்த வடிகால் மூடியில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், துகள் இல்லை.

கியர்பாக்ஸின் இறுதி விகிதம் 3.44. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 3900 சுற்று. மேட்டில் கியர் குறைக்காமல் ஏறுகிறது, முந்தும்போது நெஞ்சில் பதற்றம் இல்லை. அந்த 100-லிருந்து முழு பிரேக் பிடித்துப் பார்த்தேன், கால் கேட்டதை வண்டி கொடுத்தது. இரண்டு பக்கப் பேடுகளும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன.

கியர்பாக்ஸ் மாறியதால் ஸ்பீடோமீட்டரைச் சரிபார்க்க வேண்டும். பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃப்ரேமில் துரு தொடங்கியிருக்கிறது, மினிகளின் தீராத வியாதி அது. மழைக்கு முன் அதை இறக்கிப் பார்க்கிறேன்.