கொல்லம் டூ கோட்டப்புரம் போட் பயணம்: ஒரு ரப்பர் சக்கரத்துக்காக ஆறு நாள் காத்திருந்த கதை

போன ஜனவரில நானும் மச்சானும் சேர்ந்து கொல்லத்துல இருந்து கோட்டப்புரம் வரைக்கும் நம்ம சொந்த போட்லயே போயிடணும்னு கிளம்பினோம். தேசிய நீர்வழி 3-ல இந்த மெயின் வழி மட்டும் 168 கிலோமீட்டர், கடலுக்குள்ள இறங்கவே வேண்டாம், காயல், கால்வாய், திரும்ப காயல்னு போய்ட்டே இருக்கலாம். 5 நாள்ல முடிச்சிடலாம்னு கணக்கு போட்டோம், 14 நாள் ஆச்சு, அப்பவும் வைக்கம் வரைக்கும்தான் போக முடிஞ்சுது. ஏன்னு எழுதி வைக்கிறேன், இதே மாதிரி சின்ன போட்ல கிளம்புற யாருக்காவது உதவும்.

போட் 16 அடி பைபர். எஞ்சின் 6 எச்பி போர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்கு பின்னாடி வெளிய மாட்டுற டைப், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. நாகர்கோவில்ல இருந்து குட்டி யானைல ஏத்திட்டு போய் அஷ்டமுடிக் காயல்ல இறக்கினோம். முதல் நாள் சவரா தாண்டி ஆலப்பாடு பக்கம் போனப்போ ஒரு பக்கம் கடல் சத்தம், இன்னொரு பக்கம் அசையாத தண்ணி, நடுவுல ஒரு துண்டு நிலம், அதுலயும் வரிசையா வீடு. அந்த ஒரு நாளுக்காகவே திரும்ப போகலாம்.

பிரச்சினை ஆரம்பிச்சதும் அன்னைக்குத்தான், ஆனா எங்களுக்கு அப்ப தெரியல. எங்கயோ ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து எஞ்சினை குளிர வைக்க அடில தண்ணி இழுக்குற ஓட்டைய மூடிருச்சு, பின்னாடி பீச்சிட்டு இருந்த தண்ணி நின்னதை கொஞ்சம் லேட்டாதான் பாத்தோம், ஆஃப் பண்ணி கவரை எடுத்துட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா தண்ணி வந்துச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டோம். அடுத்த நாள் ஆயிரம்தெங்கு தாண்டி காயங்குளம் காயலுக்குள்ள வந்ததும் எஞ்சின் ஹீட் அலாரம் அடிக்குது, பீச்சுற தண்ணி சுத்தமா இல்ல. கம்பி விட்டு குத்தி பாத்தோம், ஒண்ணும் நடக்கல. அங்க கக்கா, அதான் சிப்பி, வாரிட்டு இருந்த ஒரு சேட்டன் தன்னோட வள்ளத்துல எங்கள கட்டி இழுத்துட்டு போய் அவங்க வீட்டுப் படித்துறைல விட்டாரு. அடுத்த ஆறு நாளும் அங்கதான் இருந்தோம்.

எஞ்சினோட கீழ்ப்பகுதிய, அதான் லோயர் யூனிட்டை, கழட்டி பாத்தா இம்பெல்லர் போயிருக்கு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், உள்ளங்கைல அடங்குற ரப்பர் சக்கரம் அது, ஆறு இறக்கை இருக்கும், அது சுத்தினாதான் எஞ்சினுக்கு தண்ணி ஏறும். அதுக்கு வழுக்கலே அந்த தண்ணிதான், தண்ணி இல்லாம ஒரு நிமிஷம் ஓடினாலே ரப்பர் உரசி சூடாகி கருகிடும். எங்களோடது வருஷக்கணக்கா ஓடாம கிடந்த எஞ்சின் வேற, இறக்கை எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சு இறுகிப் போயிருந்திருக்கு. ஆறுல மூணு உடைஞ்சிருந்துச்சு.

சேட்டன் நீண்டகரை ஹார்பர்ல தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டாரு. அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "9.9 ஆணோ?", அதாவது 9.9 எச்பி எஞ்சினான்னு. அந்தப் பக்கம் மீன்பிடி வள்ளங்கள்ல நிறைய ஓடுறது 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற டைப். அதோட பார்ட்ஸ் கடைல தொங்கிட்டு இருக்குமாம். எங்களோட 6 எச்பி போர் ஸ்ட்ரோக்குக்கு அங்க ஒண்ணுமே கிடைக்காதுன்னு சொல்லிட்டாரு. எஞ்சின் வாங்கும்போது மைலேஜ், சத்தம், வெயிட்னு எல்லாம் பாத்தோம், நாம போற கரைல ஜனங்க எத வச்சு பொழைக்கிறாங்கன்னு பாக்கவே இல்ல. இந்த பயணத்துல எனக்கு ரொம்ப உறைச்சது அதுதான்.

கொச்சில ஒரு டீலர் கிட்ட ஆர்டர் போட்டோம். ரெண்டு நாள்னு சொன்னாங்க. நாலாவது நாள்தான் வந்துச்சு, வந்ததும் பெரிய மாடலோடது, ஷாப்டுல லூசா சுத்துது. நடுவுல ஞாயிறு வேற. திரும்ப பேசும்போது எஞ்சின் பேர் சொல்லாம, பிராக்கெட்ல அடிச்சிருக்கிற மாடல் கோடு, சீரியல் நம்பர், கழட்டின பழைய இம்பெல்லர் பக்கத்துல ஸ்கேல் வச்ச போட்டோ மூணையும் அனுப்பினேன். அதுக்கப்புறம் சரியானது வந்துச்சு. இத முதல் நாளே அனுப்பிருந்தா காத்திருந்ததுல பாதி மிச்சமாயிருக்கும்.

காத்திருந்த நாள்ல செஞ்ச ஒரு வேலைதான் எஞ்சினை காப்பாத்துச்சு. உடைஞ்ச மூணு இறக்கைல ரெண்டு பம்ப் கூட்டுக்குள்ளயே கிடைச்சுது, மூணாவத காணோம். அது எங்க போயிருக்கும்னு ரெண்டு நாள் தேடினோம். தண்ணி போற வழியிலயே மேல ஏறி தெர்மோஸ்டாட், அதான் எஞ்சின் சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணிய விடுற வால்வு, அது கிட்ட போய் அடைச்சுட்டு உக்காந்திருந்துச்சு. அத எடுக்காம புது இம்பெல்லர் போட்டிருந்தா திரும்ப நடுக்காயல்ல அலாரம்தான். தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டு ஹோஸ் வச்சு மேல இருந்து கீழ தண்ணி விட்டா சின்னச் சின்ன தூள், உப்பு, மணல்னு எல்லாம் வெளிய வந்துச்சு. புதுச போடும்போது சோப்புத் தண்ணி தடவி, ஷாப்டை அது சுத்துற திசைலயே திருப்பிகிட்டே உள்ள இறக்கணும், அப்பதான் இறக்கை எல்லாம் சரியான பக்கம் மடங்கும். இம்பெல்லரை ஷாப்டோட பிடிச்சு வைக்க அரை நிலா மாதிரி ஒரு குட்டி கீ இருக்கும், அது தண்ணில விழுந்தா கதை முடிஞ்சுது, அதனால அடில பழைய வேட்டிய விரிச்சுட்டுதான் வேலையே பாத்தோம். அப்புறம் டிரம்முல தண்ணி ரொப்பி அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். பின்னாடி தண்ணி பீச்சினப்போ சேட்டனோட அம்மா வரைக்கும் வந்து நின்னு பாத்தாங்க. ஆறு நாளும் அந்த வீட்டுக் கஞ்சியும் கக்கா இறைச்சியும் சாப்பிட்டோம், காசு கொடுத்தா வாங்கவே இல்ல.

ஒன்பதாவது நாள் திருக்குன்னப்புழை லாக் (ரெண்டு பக்கமும் கதவு வச்சு போட்டை விடுற இடம்) வழியா ஆலப்புழா. பத்தாவது நாள் புன்னமடை தாண்டி வேம்பநாட்டுக்குள்ள போனோம். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறி அலை தூக்கும்னு சொல்லிருந்தாங்க, அதனால விடியக்காலைலயே கிளம்பிட்டோம். டிசம்பர் நடுவுல இருந்து காயலுக்கு குறுக்க இருக்குற தண்ணீர்முக்கம் தடுப்பணை ஷட்டர் மூடிருக்கும், உப்புத்தண்ணி உள்ள வராது, அதனால தெக்குப் பக்கம் முழுக்க ஆகாயத்தாமரை. அங்க அத போளன்னு சொல்றாங்க. பிரொப்பெல்லர்ல சுத்திகிட்டே இருக்கும், ரிவர்ஸ் போட்டு போட்டு கழட்டணும்.

முகம்மை கரைல ஒதுங்கி சந்தேகத்துக்கு கியர் ஆயில் பாத்தா பால் காபி கலர்ல வருது, அதாவது தண்ணி உள்ள போயிருக்கு. பிரொப்பெல்லரை எடுத்தா பின்னாடி நைலான் தூண்டில் நரம்பு சுத்தி சுத்தி இறுகி ஆயில் சீலை, அதான் ஆயில் வெளிய போகாம தண்ணி உள்ள வராம தடுக்குற ரப்பர் வளையத்தை, அறுத்திருக்கு. மச்சான் அப்படியே உக்காந்துட்டான். இன்னொரு ஆறு நாளான்னு எனக்கும் அடிவயிறு கலங்கிருச்சு. ஆனா கழட்டின சீலை துடைச்சு பாத்தா அதுலயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன்னு மூணு எண் அடிச்சிருக்கு. பஸ் ஏறி ஆலப்புழால ஒரு பேரிங் கடைக்கு போய் காட்டினேன், ரெண்டு சீல் 120 ரூபாய், பத்து நிமிஷத்துல கைல. இம்பெல்லர் அந்தந்த மாடலுக்குன்னு வார்த்தது, இந்த மாதிரி பேரிங் கடைல கிடைக்காது. சீல், பேரிங் மாதிரி அளவுல விக்கிறதுக்கு டீலரை தேடி நிக்க வேண்டியதே இல்ல. இது தெரியாம இருந்திருந்தா அங்கயே போட்டை ஏத்திட்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

புது 90 நம்பர் கியர் ஆயில கீழ் ஓட்டை வழியா ஏத்தி, மேல் ஓட்டைல வழிஞ்சதும் மேல் ஸ்க்ரூவ முதல்ல மூடிட்டு அப்புறம் கீழ மூடணும், இல்லன்னா காத்து நின்னுடும். அடுத்த நாள் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு திறந்து பாத்தோம், ஆயில் சுத்தமா இருந்துச்சு. பதினாலாவது நாள் தண்ணீர்முக்கம் லாக் தாண்டி வைக்கம். அன்னையோட மச்சானுக்கு லீவு முடிஞ்சுது.

போட் இப்ப வைக்கத்துல ஒரு சொந்தக்காரங்க தென்னந்தோப்புல கவுந்து கிடக்கு, எஞ்சின் மட்டும் வீட்டுக்கு வந்தாச்சு. ஒரு டப்பால இம்பெல்லர் ரெண்டு, கீ ரெண்டு, கேஸ்கெட், சீல் செட், கியர் ஆயில் எல்லாம் சேத்து வச்சிருக்கேன். வைக்கத்துல இருந்து கொச்சி, அப்புறம் கோட்டப்புரம், இவ்வளவுதான் பாக்கி. மழை விட்டதும் போறோம், சேட்டன் வீட்டுக்கு முதல்ல ஒரு நாள்.