வெள்ளவத்தை மாடிவீடும் விடியற்காலை பஸ்ஸும்

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் உள்ள வீடு, கனடாவில் இருக்கும் என் அண்ணாவுடையது. அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் என் பெயரில் இருப்பதால் அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், விசா நேர்முகத்துக்குப் போகிறவர்கள் என்று வன்னிச் சனத்துக்கு இரண்டு மூன்று நாள் வாடகைக்குக் கொடுத்து வந்தேன். சென்ற ஆண்டு லிப்ட் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள்: ஒரு மாதத்துக்குக் குறைந்த வாடகைக்கு இனி அனுமதி இல்லை.

கோபத்தோடுதான் சட்டத்தரணியிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, தொடர்மாடியில் வீடு உள்ள எல்லோரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்கள். அது முறைப்படி ஆக்கும் துணைவிதி எல்லோரையும் கட்டும். ஆனால் சுவரில் ஒட்டிய தாள் துணைவிதி ஆகிவிடாது. பொதுக்கூட்டத்தில் நிறைவேறியதா என்று எழுத்தில் கேட்டேன். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. நிலுவையில் இருந்த இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டி, அண்ணாவின் பதிலாள் படிவத்தோடு கூட்டத்துக்குப் போனேன்.

அங்கே மூன்றாம் மாடி அம்மா எழுந்து பேசினார். “பிள்ளை, நான் தனியாக இருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு மணி அடித்தால் யாரென்று திறப்பது?” என்று கேட்கும்போது அவரது கை நடுங்கியது. இரவு பஸ் விடியுமுன்னரே வெள்ளவத்தையில் இறக்கிவிடும். என் விருந்தினர்கள் மாடி தவறி அவர் வீட்டு மணியை அடித்திருக்கிறார்கள். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கு முன் யாரும் உள்ளே வரக்கூடாது என்றபோது மறுத்தேன். மருந்தேற்ற வந்த நோயாளி, ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு காலி வீதியோரத்தில் காத்திருப்பதா?

அடுத்து, வருகிறவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு நெஞ்சு அடைத்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அன்று வவுனியாவில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களில் என் சின்னம்மாவும் ஒருவர். இன்றும் பெயர்ப் பட்டியல் என்றாலே அவர் பேச்சை நிறுத்திவிடுவார். இதைக் கூட்டத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். வருகிறவரின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் காவலாளியின் கொப்பியில் எழுத வேண்டும்; கொப்பி கட்டடத்தை விட்டுப் போகாது. ஒரு முறைக்கு நான்கு பேருக்கு மேல் தங்கக்கூடாது. வரும் நேரத்தை முதல் நாள் மாலையே நான் அறிவிக்க வேண்டும். திறப்பு காவலாளியிடம் இருக்கும். யாரும் மணி அடிக்க வேண்டியதில்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யும்படியும் சொன்னார்கள், விண்ணப்பித்திருக்கிறேன். ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் பேசுவதாக ஏற்பாடு.

கூட்டக் குறிப்பின் பிரதியைக் கையொப்பத்தோடு வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏறினேன். மறுவாரம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயும் மகளும் போனார்கள். நான்கு மணி இருபதுக்குக் காவலாளி பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஏழு மணிக்கு மூன்றாம் மாடி அம்மாவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது: “உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்களா? எனக்குச் சத்தமே கேட்கவில்லை.”