ஒரு நேரத்தில் ஒருவர்

கொம்பியூட்டர் திருத்தப் போன வீட்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைப் பாவிக்கலாம் என்று அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலில் பிழை இல்லை. விண்டோஸ் அப்படித்தான் இயங்குகிறது. இருந்தும் அந்தப் பதில் மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது.

அவவின் கணவர், நான் ஐயா என்று கூப்பிடுபவர், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர். சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர், வாய்க்கால் துப்புரவுக்கு யார் வந்தது, யார் காசு கட்டவில்லை, எல்லாம் முன்னறைக் கொம்பியூட்டரில் எக்செல் கோப்புகளாகக் கிடக்கின்றன. காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவரால் கதிரையில் கனநேரம் இருக்க ஏலாது. உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தபடி பழைய லப்டொப்பில் ரிமோட் டெஸ்க்டொப் என்ற விண்டோஸ் வசதியால் முன்னறைக் கொம்பியூட்டருக்குள் போய் வேலை பார்க்க வேண்டும். முன்பு யாரோ செய்து கொடுத்து வேலை செய்ததுதான். ரவுட்டர் மாற்றிய பிறகு நின்றுவிட்டது.

முதல் கோளாறு லேசானது. பழைய ரவுட்டர் வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. புது 4ஜி ரவுட்டர் 192.168.8 என்று கொடுக்கிறது. லப்டொப் இன்னும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்குள் போய் முன்னறைக் கொம்பியூட்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி, அதையே லப்டொப்பில் போட்டேன். அது நல்ல காலமாக ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட, விண்டோஸின் புரோ பதிப்பு உள்ள மெஷின். ஹோம் பதிப்பாக இருந்தால் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப்பில் உள்ளே வரவே விடாது.

இணைப்புப் போனது. பெயரைக் கொடுத்ததும், கணக்குக் கட்டுப்பாட்டால் நுழைய முடியாது என்று மறித்தது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு. 2001இல் எக்ஸ்பி என்ற பதிப்பு வந்ததிலிருந்து விண்டோஸ், பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை மெஷினுக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டுமே திறக்கும், நெட்வேர்க் வழியாக வருபவருக்குத் திறக்காது. முன்பு பாஸ்வேர்ட் இருந்திருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகள் லீவில் வந்து நின்றபோது, அம்மா தானே திறந்து தன்னோடு வீடியோவில் கதைக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டுப் போயிருக்கிறா.

அந்தத் தடையையே நிறுத்திவிட ஒரு வழி உண்டு. ஐயாவும் அதைத்தான் கேட்டார். நான் மறுத்தேன். அந்த வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகள் வந்திருந்து படிப்பார்கள், வைஃபை பாஸ்வேர்ட் ஒழுங்கை முழுக்கத் தெரியும். தடையை எடுத்தால் அந்த வைஃபையில் இருக்கும் யாரும் பட்டியல்களுக்குள் போகலாம். பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி அளவு எல்லாம் அதில் இருக்கின்றன. போரைக் கண்ட வன்னியில் பெயர்ப் பட்டியலொன்று தெரியாத கைக்குப் போவதை யாரும் லேசாக எடுப்பதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பாஸ்வேர்ட் போட்டேன். ஐயா கட்டிலில் இருந்தபடி திறந்தார். அந்த நேரம் முன்னறையில் அம்மா மகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. திரை பூட்டிக்கொண்டது.

"தம்பி, இது என்னெண்டு பாருங்கோ."

ஐயா உள்ளே இருக்கும்வரை முன்திரை பூட்டித்தான் இருக்கும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று சொன்னேன்.

"அப்ப அவர் உள்ளுக்கு நிண்டு பாக்கேக்கை நான் வெளியில நிக்கோணுமே?"

"ஓமம்மா, அது அப்பிடித்தான்."

அவ கோபிக்கவில்லை. எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போயிட்டா.

நான் வேறென்ன சொல்லியிருக்கலாம்? அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறந்தாலும், ஐயா வரும்போது அவவின் திரையில் அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வரும். பதில் சொல்லாமல் விட்டால் சற்று நேரத்தில் அவவை வெளியே தள்ளும். தொடங்கும்போது பாஸ்வேர்ட் கேட்காமல் தானாகத் திறக்கச் செய்து கொடுத்தேன். ஆனால் ஐயா ஒருமுறை வந்து போனாலே திரும்பவும் பூட்டு. பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி அவவுக்குக் காட்டினேன். தலையாட்டினா. இவ்வளவும் செய்தேன்தானே என்று நினைப்பேன். அடுத்த நிமிசமே, கூப்பிட்டவர் ஐயா என்பதால் அவருடைய பிரச்சினையை மட்டும் பிரச்சினையாக எடுத்தேனோ என்று தோன்றும். என் கணக்கில் அன்று பழுதாகியிருந்தது ஒரு இணைப்பு. அம்மா அதுவரை எந்தப் பழுதுமில்லாமல் அந்தக் கொம்பியூட்டரைப் பாவித்துக்கொண்டிருந்தா.

ஐயாவின் பக்கமும் சின்னது இல்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும் ஏக்கர் அளவை அவர் நேரத்துக்குப் பிரித்து எழுதாவிட்டால் வாய்க்காலில் சண்டை வரும். ஊருக்கான வேலை அது. மகளோடு கதைப்பது அதைவிடக் குறைந்த வேலை என்று அன்று நான் நினைக்கவில்லை, ஆனால் நடந்துகொண்டது அப்படித்தான் வந்து முடிந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு ஐயா போன் எடுத்தார். நல்லா வேலை செய்யுது, பட்டியல் முடிஞ்சுது என்றார். அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"அவ இப்ப போனிலதான் பிள்ளையோட கதைக்கிறா. அது அவவுக்கும் லேசு."

அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. பிள்ளையின் முகம் பெரிசாகத் தெரியுமென்றுதான் முன்னறைக்கு வருவேன் என்று அன்று என்னிடம் சொல்லியிருந்தா.

இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கும்படி செய்யும் வி.என்.சி. போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அதைப் போட்டால் முன்திரை பூட்டாது. ஐயா பட்டியலைத் திறந்தால் அம்மாவின் முன்னால் பட்டியல் வரும், மவுஸ் ஒன்றுதான், மாறி மாறிப் பிடிக்கலாம். ஆனால் அம்மா மகளோடு கதைப்பதும் உள்ளறை லப்டொப்பில் தெரியும். தாயும் மகளும் கதைப்பதில் தகப்பனுக்குத் தெரியக் கூடாதவையும் இருக்கும்தானே. விதைப்பு முடிய அந்தப் பக்கம் போகும் வேலை ஒன்று இருக்கிறது. இந்த முறை முதலில் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் லப்டொப்பைத் திறக்கப்போகிறேன்.