கனடாவிலிருந்து கனடாவுக்கு, வழி: நயாகரா

நேற்று, 2019 அக்டோபர் 16, கனடாவுக்குக் குடியேறுவதற்காகக் கனடாவிலிருந்து கிளம்பிப் போனேன். கெண்டைக்கால் வலி இன்னும் விடவில்லை. மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோவில், ஒரு வீட்டின் பேஸ்மென்ட். மேல்தளத்தில் வீட்டுக்கார அக்கா குடும்பம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ளுக்க இருக்கிற பிள்ளை, உள்ளுக்க வாறதுக்கு வெளியில போறியளோ?" இதற்குமேல் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது. ஆனாலும் விளக்குகிறேன்.

பி.ஆர்., அதாவது நிரந்தரமாக இங்கே வாழும் உரிமை, கிடைத்துவிட்டது என்று சிஓபிஆர் என்னும் தாளும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவும் வந்துவிட்டால் மட்டும் நாம் பி.ஆர். ஆகிவிடுவதில்லை. இந்த 2019 நடைமுறைப்படி, ஓர் அதிகாரி நம்மை நேரில் பார்த்து, கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்த வேண்டும். அதற்குப் பெயர் லேண்டிங். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். என்னைப் போல ஏற்கெனவே இங்கே நான்கு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. இன்னொன்று, தரைவழியாக எல்லையைத் தாண்டி அமெரிக்கா பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வருவது. இதை இங்கே ஃபிளாக்போலிங் என்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கொடிக்கம்பத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதாகக் கணக்கு. கோயில் கொடிமரம் மாதிரிதான். அங்கே விபூதி, இங்கே முத்திரை.

என் சிஓபிஆர் நவம்பர் 28 வரைதான் செல்லும். போன வருடம் எடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருடம்தான் ஆயுள், அந்தத் தேதிதான் இதற்கும். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த விண்ணப்பம் பத்து மாதம் இழுத்தது. விண்ணப்பத்துக்கு 550, குடியுரிமை இல்லாத இந்த நிரந்தர உரிமைக்கு 490, ஆக 1,040 டாலர் கட்டியாயிற்று. ஊர்ப் பணத்தில் ஐம்பத்தாறாயிரம் ரூபாய். இந்த நிலையில் அலுவலக நேரத்துக்காகக் காத்திருந்து தேதியைக் கோட்டைவிட நான் தயாரில்லை.

எப்படிப் போவது என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் நாள். நயாகரா பக்கத்துப் பாலங்களில் இந்த 2019-இல் இந்த வேலையைச் செவ்வாய், புதன், வியாழனில் மட்டும் பார்க்கிறார்கள். அதனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மணிக்கு 19 டாலர், எட்டு மணி நேரம், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பெருக்கிப் பெருக்கி ஓய்ந்துவிட்டேன். அடுத்தது போக்குவரத்து. இந்த ஜனவரியிலிருந்து வார நாட்களிலும் நயாகராவுக்கு ரயில் வந்துவிட்டது என்று குதித்தேன். நேர அட்டவணையைப் பார்த்தால், விடியற்காலையில் அது அங்கிருந்து டொராண்டோ வருகிறது, மாலையில் இங்கிருந்து அங்கே போகிறது. நயாகராவில் வீடும் டொராண்டோவில் வேலையும் உள்ளவர்களுக்கான ரயில். நமக்கு பர்லிங்டன் வரை ஒரு ரயில், அங்கிருந்து பஸ். போக வர நாற்பது டாலரைத் தாண்டிவிட்டது.

பஸ் நயாகரா ஃபால்ஸில் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஆற்றின் மேல் ஒரு பாலம். அட, இவ்வளவு பக்கத்திலா என்று வேகமாகப் போனேன். அது 1897-இல் கட்டிய வேர்ல்பூல் பாலம். மேலே தண்டவாளம், கீழே கார் போகும் வழி. முன்கூட்டியே விசாரித்து நெக்ஸஸ் அட்டை கொடுக்கப்பட்டவர்களின் கார்கள் மட்டும்தான் அதில் போகலாம். நடந்து போகிறவனுக்கு இடமே இல்லை. அட்டை வைத்திருந்தாலும் இல்லை. அதன் வாசலில் கோப்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் தானாகவே தெற்கே கை காட்டினார். தினமும் ஒருவனுக்காவது காட்டுவார் போலிருக்கிறது.

தெற்கே என்றால் ரெயின்போ பாலம். இரண்டரைக் கிலோமீட்டர். டாக்ஸிக்குக் கொடுக்க மனம் வரவில்லை, நடந்தேன். இடது பக்கம் பள்ளத்தாக்கு, அடியில் பச்சையாக ஆறு, மேப்பிள் மரமெல்லாம் சிவப்பு. வலது பக்கம் வீடுகள், புல்வெளிகளில் தேர்தல் பலகைகள். வரும் திங்கள்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். பி.ஆர். வந்தாலும் எனக்கு ஓட்டுக் கிடையாது, அது குடிமக்களுக்கு மட்டும். வரி மட்டும் முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, அந்தச் சண்டை வேறொரு நாள்.

பாலத்துக்குள் நுழைய ஒரு டாலர் நாணயம் போட்டால்தான் சுழல்கதவு திறந்தது. வெளியே போகத்தான் காசு, கனடாவுக்குள் நடந்து வருவது இலவசம். துணி துவைக்கும் இயந்திரத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கும் நாணயங்களிலிருந்து நான்கு லூனியை, அதாவது ஒரு டாலர் நாணயத்தை, அக்கா காலையிலேயே கையில் திணித்திருந்தார். "கார்டைத் தேய்ச்சு உலகத்தைச் சுத்தலாம் எண்டு நினைக்காதேங்கோ தம்பி." அவர் இல்லாவிட்டால் சில்லறைக்காக எந்தக் கடையில் என்ன வாங்கித் தொலைத்திருப்பேனோ.

அப்புறம்தான் அருவி. நான்கு வருடமாக நயாகராவை நான் பார்த்ததில்லை. திருச்சியிலிருந்து யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி குளிர், இரண்டாவது நயாகரா. வாடகையும் கல்லூரிக் கட்டணமும் கட்டியவனுக்கு அருவி எதற்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பாலத்தின் நடைபாதை அருவியைப் பார்த்த பக்கம் இருக்கிறது. கீழே தண்ணீர் இருநூறு அடிக்கும் மேல் ஆழத்தில். இடப்பக்கம் அமெரிக்க அருவி, தூரத்தில் புகைமூட்டத்துக்குள் குதிரைலாட அருவி. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஒரு டாலருக்கு இந்தக் காட்சி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வருடமே நுழைவு மறுப்பு வாங்க வந்திருப்பேன். இதே இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய பாலத்தை 1938 ஜனவரியில் ஆற்றில் வந்த பனிக்கட்டிகள் தள்ளிச் சாய்த்துவிட்டனவாம். அதற்குப் பதிலாக வந்ததுதான் 1941-இல் திறந்த இந்தப் பாலம். நடுவில் எல்லைக்கோட்டைக் குறிக்கும் தகடு. ஆளாளுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை. வயிற்றுக்குள் வேறொரு அருவி.

பயம் இதுதான். என்னிடம் அமெரிக்க விசா இல்லை. விசா இல்லாதவன் அமெரிக்கச் சோதனைச் சாவடிக்கு நடந்துபோய், "நான் உள்ளே வரவில்லை, என்னை வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் நாமே காலில் விழுந்து மறுப்பு வாங்குவது போல. கதவைத் திறந்ததும் ஒத்திகை பார்த்த நான்கு வாக்கியமும் மறந்துபோய், "ஃபிளாக்போலிங்" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. அந்த அதிகாரி நிமிரக்கூட இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

அங்கே ஏற்கெனவே ஆறேழு பேர். எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பஞ்சாபிப் பையன் ஒருவன், பிரேசில் தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு நைஜீரியப் பெண். யாரும் பேசவில்லை. அரை மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டோடு ஒரு தாளைக் கொடுத்தார்கள். நுழைவு மறுக்கப்பட்டது என்பதுதான் அதன் சாரம். கனடா பக்கம் கொடு என்றார் அதிகாரி. அவ்வளவுதான். அமெரிக்காவில் என் மொத்த வாழ்க்கை நாற்பது நிமிடம்.

ஒரு விஷயம் கவனம். பிற்காலத்தில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது நுழைவு மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். மறைக்காமல் ஆமாம் என்று சொல்லி, பி.ஆர். லேண்டிங்குக்காக என்று காரணம் எழுத வேண்டும். அந்தத் தாளைக் கனடா அதிகாரி வாங்கிக்கொள்வார், திரும்ப வராது. அதனால் பாலத்தின் நடுவில் நின்று, கம்பி மேல் அதை விரித்துப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். காற்று இருக்கிற இருப்பில் அது பறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்தாலும் கை சில்லிடுகிறது.

கனடா பக்கம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வேலை ஐந்தே நிமிடம். குற்ற வழக்கு உண்டா, எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டாயா, விண்ணப்பத்தில் சொல்லாத மனைவி, குழந்தை உண்டா. மூன்றுக்கும் இல்லை. தாளில் உயரம், கண் நிறமெல்லாம் போட்டிருக்கிறார்கள், சரிபார்க்கச் சொன்னார் அந்த அதிகாரி அம்மா. முகவரியை மட்டும் மூன்று முறை படித்தேன். பி.ஆர். அட்டை தபாலில்தான் வரும், வீட்டு எண்ணோடு பேஸ்மென்ட் என்று சேர்க்கச் சொன்னேன். கையெழுத்துகள், முத்திரை, "வெல்கம் டு கனடா." நான்கு வருடம் கழித்து வரவேற்கிறீர்களே என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து, சுவரோரமாக ஐந்து நிமிடம் நின்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் முட்டாள்தனம் செய்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அருவிக்கு மேலே உள்ள சுற்றுலாத் தெருவில் கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பர்கர், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல், காபி, 24 டாலர். பர்கர் அட்டை மாதிரி. பில்லில் 13 சதவீத வரிக்கு மேலே, சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம் என்று 6 சதவீதம், 1.44. அந்த 1.44-க்கும் சேர்த்து வரி. இது அரசாங்க வரி அல்ல. நயாகராவில் பல கடைகளும் விடுதிகளும் தாங்களாகவே போட்டுக்கொள்வது, வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம். இது எனக்கு முன்பே தெரியும், சொன்னேன். பரிமாறிய பெண் முகம் சுளிக்காமல் உடனே எடுத்துவிட்டாள். 28.75 என்பது 27.12 ஆனது. கேட்டால் எடுக்கிற கட்டணத்தைக் கேட்காமல் போடுவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். நிரந்தரவாசியாக என் முதல் சாதனை, 1.63 டாலர்.

திரும்பும் பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் வயிறு எரியும், விரிவாகச் சொன்னால் எழுதி முடியாது. நாற்பது நிமிடம் தாமதம், உள்ளே ஏறினால் சூடேற்றி உச்சத்தில், ஜன்னல் திறக்காது, செயின்ட் கேத்தரின்ஸ் தாண்டியதும் நெடுஞ்சாலை அசையவில்லை. பின்னால் ஒருவர் முழு வழியும் ஸ்பீக்கரில் போன் பேசினார். பர்லிங்டனில் பஸ் நின்றபோது எதிரில் ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்கார்பரோவில் இறங்கி, வீட்டுக்கு முந்தைய சந்தியில் உள்ள கடையில் ஆட்டுக் கொத்து ரொட்டி வாங்கினேன். ஒன்பது டாலர். அலுமினியப் பெட்டி மூடாமல் பிதுங்கும், இரண்டு வேளைக்கு வரும். தோசைக்கல்லில் அந்த இரண்டு தகடும் அடிக்கிற தாளத்தைக் கேட்டதும்தான் பசியே திரும்பி வந்தது. அந்த அட்டை பர்கருக்குக் கொடுத்த காசில் மூன்று கொத்து வாங்கியிருக்கலாம். போகிறவர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். கேலி செய்ய அங்கே யாருக்கும் நேரமில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வேலைக்கும் வரிக்கும் கேட்கிற என் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) 9-இல் தொடங்கும், அது தற்காலிகக்காரர்களுக்கானது. இந்தத் தாளைக் காட்டிப் புதிது வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு அரை நாள் லீவு.

ராத்திரி அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். எடுத்ததே அந்த ஒன்றுதான், பாலத்துக் கம்பி மேல் விரித்த தாளும் பின்னால் புகைமாதிரி நயாகராவும். இன்று காலை பதில் வந்திருந்தது.

"டேய், அருவியை மறைச்சுக்கிட்டு எதுக்குடா ஒரு பேப்பரு?"