கொழுந்து விட்டாச்சா?

3 பிப்ரவரி 2025, திங்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், வெறும் வயிற்றில் சர்க்கரை 231. "இதோட கண்ல கை வைக்க மாட்டோம்மா, குறைச்சுக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். போன வாரம் கல்யாணத்தில் தின்ற ஆற்காடு மக்கன் பேடா. ஒன்றுதான். சரி, இரண்டு.

4 பிப்ரவரி

வாசலில் பாதாம் இலை பதினொன்று. பெருக்குகிறவள் "நல்ல செவப்பும்மா" என்கிறாள். எனக்கு அது புளிக்கரைசல் நிறம்.

7 பிப்ரவரி

பெரியவன் அக்டோபர் படங்களை மறுபடி அனுப்பியிருக்கிறான். ஹாலில் பெரிதாக மாட்டப் போகிறானாம், எது என்று நான் சொல்லணுமாம். எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல?

அமெரிக்காவில், நியூ ஹாம்ஷயரில், அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, பீக், பீக். அதாவது மரமெல்லாம் உச்சமாகச் சிவந்து நிற்கும் நாள். வடக்கிலும் உயரத்திலும் முதலில் சிவந்து, அப்படியே மலையிறங்கித் தெற்கே வருமாம். காய்கறி விலை மாதிரி அதற்கும் நிலவரம் போடுகிறார்கள். இரண்டு நாள் முந்தினால் பச்சை, ஒரு காற்றடித்தால் மொட்டை. அதனால் சரியான நாளில் லீவு போட்டு, காங்கமாகஸ் சாலையில், லிங்கனிலிருந்து கான்வே வரைக்கும் 34.5 மைல், வளைவுக்கு வளைவு வண்டியை ஓரங்கட்டினான். மருமகள், "அத்தை, அங்க, அந்த மேப்பிள்!" நானும் "அடேயப்பா." அன்று எத்தனை அடேயப்பா போட்டேனோ, ஒன்றும் நிஜமில்லை. சாம்பார் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல் இருந்தது. பர்ச் மரம் மஞ்சள் என்றதை மட்டும் முழுசாக நம்பினேன். எனக்கு எல்லாமே மஞ்சள்தானே.

டிக்கெட்டுக்கு அவன் கொடுத்த காசை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது படத்தை மாட்டு என்று சொல்லிவிட்டேன்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூருக்குப் போன். "மொட்டையா நிக்குது டீச்சர். சருகு மிதிச்சா அப்பளமாட்டம் நொறுங்குது. கொழுந்து இன்னும் இல்ல."

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது அந்த ரூட்டில் கண்டக்டர். அந்தப் பூவ மரங்களைத் தினமும் தாண்டிப் போகிறான். நமக்கும் ஒரு நிலவரம் கிடைத்தாயிற்று.

12 பிப்ரவரி

188.

13 பிப்ரவரி

194. மூன்று வேளையும் சாமைச் சோறுதான். இவர் நம்பவில்லை, அலமாரியைச் சோதனை போடுகிறார்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தூக்கமில்லை.

கரும்பலகையில் எத்தனை வருஷம் "இலையுதிர் காலம்" என்று எழுதி, அக்டோபர், நவம்பர் என்று அடைப்புக்குறியும் போட்டேன்! ஜன்னலுக்கு வெளியே அக்டோபரில் மழை ஊற்றும், மலை முழுக்கப் பச்சையாக நிற்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நம் ஆறில் அந்தக் காலமே கிடையாது. ஜவ்வாது மலை இலை கொட்டுவது தையிலும் மாசியிலும். குளிருக்காக இல்லை, மண்ணில் ஈரம் வற்றுவதால்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள். இரண்டாம் பெஞ்சு, எண்ணெய் வழிகிற இரட்டைப் பின்னல். "டீச்சர், எங்க ஊர்ல இலை பொறக்கறப்பதான் செவப்பா இருக்கும். சாவறப்ப பழுப்புதான். புஸ்தகத்துல மாத்திப் போட்டுட்டாங்களா?"

"பாடத்தைக் கவனி" என்றேன்.

அவள் சொன்னது பூவ மரத்தை. புத்தகத்தில் கும்பாதிரி, நல்ல அரக்கு கிடைக்கிற மரம். மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கும், வெயில் கொளுத்தும், அந்த நேரம் பார்த்து மொட்டைக் கிளையெல்லாம் ரத்தமாகக் கொழுந்து விடும். மேப்பிளில் பச்சையம் சிதையும்போது உண்டாகும் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமிதான் இதில் பச்சையம் சேரும் முன்னமே வந்து உட்காருகிறது. நிறமி ஒன்று, நேரம் வேறு. இதை அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருந்தால். பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குள் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

மணி மூன்றரை. நாய்கள்.

20 பிப்ரவரி

142! திங்கட்கிழமை வலது கண்.

21 பிப்ரவரி

"ஒண்ணு ரெண்டு ஆரம்பிச்சிருக்கு டீச்சர். ஆனா பக்கத்து மரம் அப்படியே மொட்டை." எல்லாம் சேர்ந்து சிவக்க எத்தனை நாள் என்றேன். "அத மரத்ததான் கேக்கணும்."

24 பிப்ரவரி

இன்று அவளுக்குப் பதில் நான் எழுதுகிறேன். வலது கண் முடிந்தது. உள்ளே போனவள் அரை மணியில் வெளியே வந்துவிட்டாள். காபி சர்க்கரை இல்லாமல் தரப்பட்டது. அவள் எழுதச் சொன்ன வாசகம்: "பயமாக இல்லை." பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

25 பிப்ரவரி

கட்டு பிரித்தார்கள்.

சுவர் வெள்ளை. வெள்ளை என்றால் இப்படியா! எவர்சில்வர் டம்ளரில் நீலம் ஓடுகிறது. இடது கண்ணை மூடினால் சுண்ணாம்பு, வலதை மூடினால் மோர்க்குழம்பு. ஆட்டோவில் வீடு வரும்வரை மாற்றி மாற்றிக் கண்ணடித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் பார்த்த டிரைவர் என்ன நினைத்தானோ.

வாசலில் ஒரு பாதாம் இலை கிடந்தது. குனியக்கூடாது. இவரை எடுக்கச் சொன்னேன். நடுநரம்பு மஞ்சள், இருபுறமும் குங்குமம். சாகிற இலைதான். மேசையில் வைத்திருக்கிறேன்.

காங்கமாகஸில் இதைத்தான் காட்டினார்களா? மலை மலையாக?

26 பிப்ரவரி, சிவராத்திரி

கோட்டைக் கோயிலுக்கு வேண்டாம் என்றுவிட்டார், கூட்டம், புகை. சின்ன வயதில் வேலூர் என்றாலே மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்று கிண்டல் பண்ணுவார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்துவிட்டார். பாலாறும் மலையும் அப்படியேதான். மாடியிலிருந்து பார்த்தால், இந்தப் புதுக் கண்ணுக்கும், பாறை பாறைதான்.

1 மார்ச்

"டீச்சர், இப்பதான். மலையே பத்திக்கிச்சு போங்க. ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் செம்பாயி, பச்சையாயிடும்."

டாக்டரிடம் கேட்டேன். ஒரு மாதத்துக்குத் தூசி ஆகாது, பயணம் எதற்கு என்றார். ஒரு மாதமா!

2 மார்ச்

சொட்டு மருந்து நாளுக்கு ஆறு தடவை. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சண்டை. "போன வருஷமும் செவந்துது, அடுத்த வருஷமும் செவக்கும்" என்கிறார் இவர். அதற்கு முந்தின வருஷமும்தான். அந்த ஊரில் வேலை பார்த்த காலமெல்லாம் பங்குனி வந்தால் பரீட்சைத் தாளுக்குள் தலையை விட்டிருந்தேன்.

4 மார்ச்

கண்டக்டர் வாட்சப்பில் படம் அனுப்பினான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்தது. ஜன்னல் கம்பி, ஒரு கை, கையின் பின்னால் சிவப்பாக ஏதோ.

போட்டோவைப் பார்த்து அடேயப்பா சொல்கிற வேலையை இனி செய்வதில்லை.

6 மார்ச்

வேப்பங்கொழுந்து. கோட்டை அகழி ஓரம் அரச மரத்தில் செம்புத் தகடு. கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிஷம் கழற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

7 மார்ச்

மறுபரிசோதனை. நன்றாக ஆறியிருக்கிறதாம். "ஜன்னல ஏத்தின காருல, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரே நாள்ல போய் வந்தா?" என்றேன். சின்ன டாக்டர் பெண், சிரித்துவிட்டு, "நான் போங்கன்னு சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

இடது கண் ஏப்ரலில்.

8 மார்ச்

"ரோட்டோர மரங்க செம்பாயிடுச்சு டீச்சர். உள்ள இன்னும் இருக்கு. நாளைக்கு வந்தா நாளைக்கு."

இவரிடம் சொல்லவில்லை. காருக்குச் சொல்லிவிட்டேன், போளூர் வழி, விடிகாலை நாலரை.

அந்த இரட்டைப் பின்னல் எந்த ஊர் என்று கண்டக்டரைக் கேட்டேன். பேர் தெரியாமல் எப்படிச் சொல்ல என்றான். வருகைப் பதிவேட்டில் தினமும் கூப்பிட்ட பேர், வாய்க்கு வரமாட்டேன் என்கிறது.

9 மார்ச், ஞாயிறு

நாலு மணி. சொட்டு மருந்து பையில். கண்ணாடி பையில். பாதாம் இலையும்.

உள்ளே விளக்கு எரிகிறது. இவர் குரங்குக் குல்லாய் தேடுகிறார்.