கப்பிதான் சரக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, காரிமங்கலம் பக்கம் மாமா தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். 600 அடி தாண்டியும் புகைதான். மாமா அந்த வெள்ளைத் தூளை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். "மாப்ள, நீதான் மண்ணப் பாத்து வயசு சொல்றவனாச்சே, இதுல எதாச்சும் தெரியுதா பாரு."

"இதுல ஒண்ணும் இருக்காதுங்க மாமா" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

ஆனால் உண்மை அதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைப் பாறைகள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. அதில் எந்த உயிரின் ஓடும் தங்காது. என் பிழைப்போ காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து மேலே வரும் களிக்கல், சுண்ணாம்புக்கல் துணுக்குகளோடு. அவற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிர்களின் ஓடுகள் கிடக்கும். பெரும்பாலானவை ரவையைவிடப் பொடிசு.

பாதி வேலை சமையலறை வேலைதான். துணுக்குகளை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலச வேண்டும். அம்மா கேழ்வரகு சலித்தால் கீழே விழுவது மாவு, மேலே நிற்கும் கப்பி மாட்டுக்கு. எங்களுக்குக் கீழே போவது சேறு, கப்பிதான் சரக்கு. அதைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஒரு மாதிரியில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து குளோபோட்ரங்கானா என்ற ஃபோராமினிஃபெரா நிறைய இருந்தது. கூடவே அதற்குப் பிந்திய காலத்து மொரோசொவெல்லா நாலைந்து. இருப்பதிலேயே இளையதை வைத்துத்தானே பாறையின் வயதைச் சொல்ல வேண்டும்? வெளியில் தெரியும் பாறை என்றால் அது சரிதான். நானும் கிரெட்டேசியஸுக்கு அடுத்து வந்த பேலியோசீன் காலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் அதற்கு 40 மீட்டர் மேலே எடுத்த மாதிரியின் தாளைப் பக்கத்தில் வைத்தார். அதில் ஏற்கெனவே கிரெட்டேசியஸ் வந்திருந்தது. "அப்பனுக்கு மேல மகன் படுக்கலாம் தம்பி, கீழ எப்படிப் படுப்பான்?" என்றார்.

கிணற்றுச் சுவர் சரிந்து மேல்மண் கீழே கலந்திருந்தது. 'கேவிங்' என்போம். துளையில் எவ்வளவு ஆழம் போனாலும் இளைய ஓடு வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதனால் இறங்கும்போது ஓர் இனம் முதன்முதலில் கண்ணில் படும் ஆழத்தைத்தான் நம்புவோம். அந்த இனம் உலகத்திலிருந்து மறைந்த காலம் அது. குளோபோட்ரங்கானா தென்பட ஆரம்பித்தால் 6.6 கோடி ஆண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். டைனோசர்கள் போன சமயத்தில்தான் இவையும் போயின. ஆக, இறப்புச் சான்றிதழை வைத்து வயது சொல்லும் தொழில் இது.

சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்கியெடுக்கும் பழக்கத்தையும் அந்த மூத்தவர்தான் கற்றுக்கொடுத்தார். முந்தைய மாதிரியின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால் நீலமாகி மாட்டிக்கொள்ளும்.

வயதைவிட எனக்குப் பிடித்தது கடலைப் படிப்பது. ஓடுகளை எண்ணும்போது, கடலடித் தரையில் வாழ்ந்தவையே ஏறக்குறைய எல்லாம் என்றால் கரையோரம். மிதந்து வாழ்ந்தவை கூடக் கூட ஆழ்கடல் பக்கம் போகிறோம். அம்மோனியா என்ற ஃபோராமினிஃபெரா இனமே நிறைந்திருந்தால் கழிமுகம். ஓட்டுக்குள் பைரைட் என்ற இரும்புக் கனிமம் அடைத்துப் பளபளத்தால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. பெரம்பலூர் பக்கம் காரையில் வறண்ட களிமேடுகளில் வெயிலில் நடக்கும்போது, காலுக்குக் கீழே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். செருப்பு தேய்வதோடு சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது.

கிணறு கடைசியில் அடிப்பாறையைத் தொடும். அன்றைக்கு என் தட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் இருக்கும், ஓடு ஒன்றுகூட இருக்காது. எங்கள் ஊரில் ஆடு மேயும் கரட்டில் கிடக்கிற அதே சாதிப் பாறை. 'பேஸ்மென்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். வேலை முடிந்தது.

மாமாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே, "அதெல்லாம் சரி, எத்தன அடியில தண்ணி வரும்?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க மாமா."

"அப்புறம் என்னத்துக்குடா சம்பளம் குடுக்கறாங்க?"

போர் வண்டிக்காரர் எங்கள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. புதிதாக வந்த தூளை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தவர், "கலர் மாறுது, இன்னும் ரெண்டு ராடு இறக்கு" என்று பையனிடம் சொன்னார். இரண்டாவது ராடு பாதி இறங்குவதற்குள் புகை நின்று சேறு வந்தது. ஒன்றரை இஞ்ச் தண்ணீர்.