வெண்கல வாளின் எடை

பழங்கால வாளின் நகல் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எடையைக் கேளுங்கள் என்பதுதான். ஏறத்தாழ கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பரவலாகப் புழங்கிய வெண்கல வாள் வகைக்கு, ஜெர்மானியத் தொல்லியலாளர் யூலியுஸ் நௌவேயின் பெயரால் நௌவே இரண்டாம் வகை என்று பெயர். இலைபோல நீண்ட அலகும், கைப்பிடிக்குள் அகன்று செல்லும் விளிம்பு கட்டிய அடிப்பகுதியும் கொண்ட அந்த வாள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். அதே பெயரில் இன்று விற்பனைக்கு வரும் பித்தளை வாள்களில் சில இரண்டு கிலோவைத் தாண்டுகின்றன. சுவரில் மாட்டுவதற்கு அவை போதும். ஆனால் அந்தக் காலத்து மனிதன் எதைக் கையில் ஏந்தினான், எப்படி வீசினான் என்று அறிய விரும்புகிறவருக்கு அவை பொய்யான பதிலையே தரும். இரண்டு கிலோ வாளை வீசிப் பார்த்துவிட்டு, முன்னோர்கள் நம்மைவிடப் பலமடங்கு வலிமை கொண்டவர்கள் என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகல் தவறாகச் செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் வசிப்பது குப்பத்தில். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலை இது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த வட்டாரத்தில் வெண்கல வாள் என்று ஒன்று மண்ணிலிருந்து கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கிடைக்கவும் வாய்ப்புக் குறைவு. வடமேற்கு இந்தியாவைப் போலவோ மேற்காசியாவைப் போலவோ தெளிவான வெண்கலக் காலம் ஒன்று தென்னிந்தியாவில் இருக்கவில்லை. இங்கே புதிய கற்காலத்திலிருந்து நேரடியாக இரும்புக்கு வந்துவிட்டார்கள். எல்லைக்கு அப்பால், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அப்படியிருக்க, வெண்கல வாள்களைத் தேடித்தேடிச் சேர்ப்பது ஏன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உலகத்தின் பெரும்பகுதி எந்த உலோகத்தில் வாள் செய்யக் கற்றுக்கொண்டதோ, அந்த உலோகத்தை அறியாமல் இரும்பு கொண்டுவந்த மாற்றத்தை அளந்து பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

இன்று அறியப்பட்ட மிகப் பழைய வாள்கள் துருக்கியின் அர்ஸ்லான்தெப்பேயில் கிடைத்தவை. காலம் ஏறத்தாழ கி.மு. 3300. அவை வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம்கூட அல்ல, ஆர்செனிக் கலந்த செம்பு. அங்கிருந்து நௌவே வாள்வரை வந்து சேர ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. இடையில் நிகழ்ந்த மாற்றங்களைப் பார்த்தால், வாள் செய்தவர்கள் அலகைவிடக் கைப்பிடியோடுதான் அதிகம் போராடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. 1876இல் ஜெர்மானிய அகழ்வாளர் ஷ்லீமன் கிரேக்கத்தின் மைசீனியில் தோண்டிய அரச புதைகுழிகளில் நீண்டு ஒடுங்கிய குத்துவாள்கள் பல கிடைத்தன. பார்ப்பதற்கு அவ்வளவு அழகானவை வேறு இல்லை. ஆனால் அவற்றில் பழைய வகையின் அலகு கைப்பிடிக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. சில ஆணிகளை நம்பித்தான் முழு அலகும் நிற்கிறது. நேராகக் குத்தினால் தாங்கும், பக்கவாட்டில் வெட்டினால் அந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும். நௌவே வாளில் அலகும் கைப்பிடித் தகடும் ஒரே வார்ப்பு. தகட்டின் இருபுறமும் மரமோ எலும்போ வைத்து ஆணி அடித்துவிட்டால், குத்தவும் வெட்டவும் ஒரே வாள் போதும். பின்னால் இரும்பு வந்தபோதும் இந்த வடிவத்தையே இரும்பில் அடித்தார்கள் என்பது அதன் தகுதியைச் சொல்லும்.

என்னிடம் உள்ள நௌவே வாள் கடையில் வாங்கியதல்ல. கோயில் மணியும் குத்துவிளக்கும் வார்க்கும் கன்னார் பட்டறை ஒன்றில், வடிவத்தையும் அளவுகளையும் கொடுத்துச் செய்வித்தது. முதலில் பெரியவர் கலவையைத்தான் கேட்டார். மணிக்கு நூறு பங்கில் இருபதுக்கும் மேல் வெள்ளீயம் சேர்ப்பார்கள். அதனால்தான் நாதம் வருகிறது. வாளுக்குப் பத்துப் பங்கு அளவில் போதும் என்றேன். அவர் மூலையில் கிடந்த உடைந்த மணித்துண்டு ஒன்றை எடுத்துச் சுத்தியால் ஓர் அடி அடித்தார். வெளிறிய சாம்பல் நிறப் பரல்களைக் காட்டிக்கொண்டு துண்டு இரண்டாகப் பிளந்தது. "மணிக்குப் போடற கலவையில கத்தி ஊத்தினா, தரையில விழுந்தாலே ரெண்டா போயிடும், தம்பி" என்றார். நான் படித்து அறிந்திருந்ததை அவர் கை ஏற்கெனவே அறிந்திருந்தது.

நீண்டு மெலிந்த பொருளை வார்ப்பது மணி வார்ப்பதைவிடக் கடினம் என்பதை அங்கேதான் நேரில் கண்டேன். உருகிய வெண்கலம் ஆயிரம் பாகைக்கும் மேலான வெப்பத்தில் இறங்குகிறது. மண் அச்சு குளிர்ந்திருந்தால், உலோகம் முனையை எட்டுவதற்குள் உறைந்து வாள் பாதியிலேயே நின்றுவிடும். எனவே அச்சை நன்றாகச் சூடாக்கி, சற்றே சாய்த்து நிறுத்தி, மூசையிலிருந்து இடைவிடாமல் ஒரே ஊற்றாக ஊற்றினார்கள். அச்சை உடைத்தபோது வந்தது கருஞ்சிவப்புத் தோல் போர்த்திய கரடுமுரடான பட்டை. அதன்மேல் அரம் ஓட ஓடத்தான் வெளிறிய பொன்னிறம் வெளிப்பட்டது. நடுத்தண்டின் அருகே ஊசிமுனை அளவில் காற்றுத் துளைகள் சில தெரிந்தன. பெரியவருக்கு அது மனக்குறை. எனக்கு அப்படி இல்லை, பழைய வாள்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கும்போதும் உள்ளே இத்தகைய துளைகள் தெரிகின்றன.

வார்த்து ராவியதோடு வாள் முடிவதில்லை. இரும்பைப் போல வெண்கலத்தைக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்க முடியாது. சூடேற்றினால் அது இளகத்தான் செய்யும். அதற்குக் கடினம் தருவது சுத்தியடி. விளிம்பை மட்டும் குளிர்ந்த நிலையில் மெல்லத் தட்டித்தட்டி நெருக்கினால், அந்தப் பகுதி மற்றப் பகுதியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமாகிவிடும். அளவு மீறித் தட்டினால் விரிசல் விடும். கடைகளில் விற்கும் நகல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வேலையைக் காணாதவை. அவற்றின் விளிம்பில் நகத்தால் அழுத்திப் பார்க்கத் தேவையில்லை, அரத்தின் ஒரு கோடே சொல்லிவிடும்.

நகல்கள் வெறும் அலங்காரப் பொருள்கள் என்று நினைப்பவர்கள், பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் உள்ள ஆய்வாளர்கள் சிலர் 2020இல் வெளியிட்ட ஆய்வைக் கவனிக்க வேண்டும். சரியான கலவையில் செய்த வாள்களைக் கொண்டு பயிற்சி பெற்றவர்களை மோதவிட்டு, ஒவ்வோர் அடியும் விளிம்பில் என்ன தழும்பை விடுகிறது என்று பதிவு செய்து, அதைப் பழைய வாள்களின் தழும்புகளோடு ஒப்பிட்டார்கள். வெண்கலம் மென்மையானது, வாளோடு வாள் மோதினால் கெட்டுவிடும் என்பதால் அவர்கள் மோதலைத் தவிர்த்திருப்பார்கள் என்ற கருத்து அதனால் தளர்ந்தது. தேர்ந்த வீரர்கள் எதிராளியின் வாளைத் தம் வாளால் பிடித்துக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தார்கள். பிழையான எடையும் பிழையான கலவையும் கொண்ட நகல்களால் இப்படி ஓர் ஆய்வு சாத்தியமே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகிப்தின் கோபெஷ் என்னும் வளைந்த வாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. துட்டன்காமன் கல்லறையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கிடைத்தன. அரிவாளின் உட்புறத்தில் கூர் இருப்பதுபோல் இதற்கும் உட்புறத்தில் கூர் வைத்து விற்கிறார்கள். அது தவறு; கோபெஷின் வெட்டும் விளிம்பு வளைவின் வெளிப்புறத்தில் இருக்கிறது. சீனத்தில் 1965இல் ஹூபெய் மாகாணத்துக் கல்லறை ஒன்றில் கூர் மழுங்காமல் கிடைத்த யுவே நாட்டு மன்னன் கௌஜியானின் வாளுக்கு நல்ல நகல் கிடைப்பது அரிது. நம் நாட்டில் வட இந்தியச் செம்புப் புதையல்களைச் சேர்ந்த, பூச்சியின் உணர்கொம்புபோல் கைப்பிடி இரண்டாகப் பிரியும் வாள்களை நான் பெரிதும் மதிக்கிறேன். 2018இல் உத்தரப் பிரதேசத்தின் சினௌலிப் புதைகுழிகளில் வண்டிகளோடு அத்தகைய வாள்களும் வெளிவந்தன. நமக்கு அருகில், கர்நாடகத்து ராய்ச்சூர் மாவட்டம் கல்லூரிலும் அவ்வகை வாள்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றின் நகலைச் செய்ய யாரும் முன்வருவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, வெண்கலப் பாத்திரம் துலக்கிப் பழகிய நம் வீடுகளில் கை உடனே புளியைத் தேடும். வாளுக்கு அது வேண்டாம். புளி, தானாகப் படியும் பழுப்பு நிறத்தை ஒரே நாளில் உரித்துவிடும். மெல்லிய துணியில் தேன்மெழுகு பூசித் துடைத்தால் போதும். வியர்வையும் உப்பும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தையும் மறக்கக் கூடாது: ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாள்களை ஆயுதச் சட்டம் ஆயுதமாகவே கருதுகிறது, எந்தப் பகுதியில் உரிமம் தேவை என்பதை உள்ளூர்க் காவல்நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நான் எதற்கும் கூர் வைப்பதில்லை. நூறாண்டு கடந்த அசல் பொருள்கள் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. நிலத்தில் கிடைத்தது என்று யாரேனும் கொண்டுவந்தால் வாங்காமல் தொல்லியல் துறைக்கு வழிகாட்டுவதே முறை.

இப்போது என் மனம் முழுவதும் இரும்பில் இருக்கிறது. பலமனேர், புங்கனூர்ப் பக்கத்திலும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரியிலும் செங்கத்திலும், ஆநிரை காக்கவோ கவரவோ போய் மடிந்த வீரர்களின் நடுகற்கள் நிற்கின்றன. வில்லும் வாளும் குறுவாளுமாகச் செதுக்கப்பட்ட அந்த ஆயுதங்களை யாரும் உலோகத்தில் மீட்டெடுத்ததாகத் தெரியவில்லை. கல் வடிவத்தைக் காட்டுகிறது. தடிமனையோ எடையையோ காட்டுவதில்லை. சிற்பி வீரனின் உருவத்தோடு ஒப்பிட்டு வாளைப் பெரிதாக்கினானா என்பதும் ஒவ்வொரு கல்லிலும் தனியாகப் பார்க்க வேண்டியது. இதற்குத் துணைநிற்கக் கூடியவை, தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவை போன்ற அசல் இரும்பு ஆயுதங்கள்தான். துருவேறி வீங்கியிருந்தாலும் அவற்றின் நீளமும் அகலமும் அளக்கக் கூடியவை. அவற்றின் அளவை நடுகல்லின் வடிவத்தோடு பொருத்தி, உலைக்கூடம் வைத்திருக்கும் கொல்லர் ஒருவரிடம் ஓர் இரும்பு வாளை அடிக்கச் சொல்ல வேண்டும். முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்து, கைப்பிடிக்கு முன்னால் எடை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பகுதி நடுகற்களில் வாளின் அளவுகளைக் குறித்து வைத்திருப்பவர்கள் எழுதினால், அந்த மாதிரியைத் திருத்திய பிறகே கொல்லரிடம் போவேன்.